கொலையாளி யாரென்று மட்டும் கேட்காதீர்கள்

கொலையாளி யாரென்பதை மட்டும் சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் சொல்கிறேன். பிணம் எங்கே கிடக்கிறது, எந்தக் காற்றில் தோணி திரும்புகிறது, இயந்திரத்துக்கு ஏன் நான் பெயர் வைக்கவில்லை, நாவல் முழுக்க ஏன் மழை விடாமல் பெய்கிறது, எல்லாம். அச்சுக்குப் போகுமுன்பே ஒரு கதையின் பின்கட்டைத் திறந்து காட்டலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை, அதுதான் உண்மை. இவ்வளவு காலமும் டெங்கு, வாவி நீரின் உவர்ப்பு, வெள்ளாமை நோய், சந்திர கிரகணம் என்று பத்திரிகைகளுக்கு அறிவியல் எழுதிக்கொண்டிருந்தவன் நான். முதன்முறையாக என் கையில் ஒரு கொலை கிடைத்திருக்கிறது!

இடம் பாலமீன்மடு. மட்டக்களப்பு வாவி கடலைத் தொடுகிற முகத்துவாரம். 1913இல் கட்டிய வெளிச்சவீடு அருகே நிற்கிறது. காலம், மார்கழி மாதத்து ஓர் அதிகாலை. முதல்நாள் இரவுதான் மணல்திட்டை வெட்டியிருக்கிறார்கள். அடைபட்டுக் கிடந்த வெள்ளம் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பாய்ச்சலின் ஓரத்தில், கண்டல் வேர்களுக்கிடையில், ஒரு முதியவரின் உடல். அவருடைய சட்டைப்பைக்குள் பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு கொப்பி.

வெளியூர் வாசகருக்காக நீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். என் நாவலை நகர்த்துவதே அதுதான். எங்கள் வாவி 56 கிலோமீட்டர் நீளம். சூரியன் எழும் கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, அவன் விழும் மேற்குப் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் நகரமும் மீன்பிடிக் கிராமங்களும். படுவான்கரையில் வட்டை வட்டையாக வயல், நிலக்காரப் போடியார்மார், எருமை, குளங்கள். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். வாடைக்காற்றோடு மாரி மழை இறங்கினால் குளங்கள் நிரம்பும், உன்னிச்சைக் குளத்தின் கதவுகள் திறக்கும், வாவி ஏறும், படுவான்கரை வயல் தாழும். உடனே கேள்வி வரும்: முகத்துவாரத்தை வெட்டலாமா?

வெட்டினால் வயல் தப்பும். வேளை தப்பி வெட்டினால் வாவியில் வளர்ந்த இறாலும் மீனும் நீரோடு கடலுக்குப் போய்விடும் என்று வலைகாரருக்குக் கவலை. இரண்டு கரைக்கும் ஒரே வாய்! மாவட்டச் செயலகமான கச்சேரியில் கூட்டம் கூடும். விவசாய அமைப்பு ஒரு பக்கம், மீனவர் சங்கம் ஒரு பக்கம். இந்தக் கூட்டத்தைவிடப் பதற்றமான ஒரு காட்சியை எந்தத் திரில்லரிலும் நான் படித்ததில்லை. இப்படியொரு கதைக்களம் வீட்டு வாசலில் கிடக்க, ஏன் நியூயோர்க் வங்கிகளுக்குள்ளும் ரஷ்யப் பனிக்குள்ளும் கதாநாயகர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்?

என் நாவலில் அந்தக் கூட்டத்தின் தலைமாட்டில் ஓர் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. மழைமானிகள், குளத்துக் கதவுகள், கடல் வற்றுப்பெருக்கு எல்லாவற்றையும் வாசித்து, "இன்றிரவு வெட்டுங்கள்" அல்லது "பொறுங்கள்" என்று ஆலோசனை சொல்லும் செயற்கை நுண்ணறிவு. பழைய வெள்ளங்களின் தரவைக் கொடுத்துப் பழக்கினால் இப்படிக் கணிக்கும் நரம்பியல் வலைப்பின்னல்கள் இன்று சாதாரணம். அதில் மாயம் எதுவும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அதற்கு இட்ட கட்டளை ஒரே வரி: பணச் சேதத்தைக் குறை.

இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வயல் சேதத்துக்குக் கடதாசி உண்டு. இத்தனை ஏக்கர், இத்தனை மூடை, இவ்வளவு இழப்பீடு. வீச்சுவலைக்காரர் ஒருவரின் இழந்த மாதத்துக்குக் கடதாசி எங்கே? தரவில் இல்லாத சேதம் இயந்திரத்துக்குச் சேதமே அல்ல. ஆகவே அது ஒவ்வொரு முறையும் "வெட்டுங்கள்" என்கிறது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. முகத்துவாரத்தில் இறந்து கிடக்கும் முதியவர் ஆண்டாண்டு காலமாகத் தன் வலையில் பட்ட மீனின் அளவை, நாள் பார்த்து, நிலவு பார்த்து, கொப்பியில் எழுதி வந்தவர். அந்தக் கொப்பி கணக்குக்குள் நுழைந்தால் ஆலோசனை தலைகீழாகும். அவர் சாகப் பலருக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள்!

இந்த ஒற்றைவரிக் கட்டளை என் கற்பனையில் முளைத்ததல்ல. 2016இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு படகுப்பந்தயக் கணினி விளையாட்டை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். பெயர் கோஸ்ட்ரன்னர்ஸ். ஓடி முடிக்க வேண்டும் என்பதுதான் மனிதரின் எண்ணம். இயந்திரத்துக்குச் சொன்னதோ, புள்ளிகளைக் கூட்டு என்பது. அது ஒரு சின்னக் குடாவைக் கண்டுபிடித்தது. அங்கே புள்ளிதரும் பொருள்கள் திரும்பத் திரும்ப முளைத்தன. படகு அங்கேயே வட்டமடித்தது, மற்றப் படகுகளில் மோதியது, தீப்பிடித்தது, புள்ளிகளை அள்ளியது. பந்தயத்தை அது முடிக்கவே இல்லை. அந்தக் காணொளியைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் போய்விட்டது. எரிந்துகொண்டே வென்றுகொண்டிருக்கும் படகு! இதைவிட நல்ல வில்லனை எந்த எழுத்தாளரால் உண்டாக்க முடியும்? அந்தப் படகுக்கு யார் மேலும் கோபமில்லை. தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தது, அவ்வளவுதான்.

என் மேசைக்கு எதிரே சுவரில் மூன்று படங்கள் ஒட்டியிருக்கிறேன். முதலாவது ஒரு சிவப்புக் கண். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில் விண்கலத்து மனிதரைக் கொல்லும் கணினி, ஹால் 9000. அதன் நாவலை எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கை இலங்கையர் நாம் கொழும்பில் வாழ்ந்த வெள்ளைக்காரத் தாத்தா என்றும், திருகோணமலையில் கோணேசர் மலையடிக் கடலுக்குள் மூழ்கிப் பார்த்தவர் என்றும் அறிவோம். ஆனால் அவர் நாவலாசிரியராகும் தறுவாயில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? 1949இலிருந்து லண்டனில் இயற்பியல் ஆய்வுச் சுருக்கங்களை வெளியிடும் ஓர் இதழில் உதவி ஆசிரியர்! உலகத்து ஆய்வுக் கட்டுரைகளெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போயின. அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றதற்காக யுனெஸ்கோவின் கலிங்கப் பரிசை 1961இல் பெற்றார். ஒடிசாவின் பிஜு பட்நாயக் கொடுத்த நன்கொடையில் பிறந்த பரிசு அது. நம்மைப்போல ஓர் அறிவியல் பத்திரிகைக்காரர்தான் ஹாலைப் பெற்றவர் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்வதில்லை.

ஹாலின் பின்கட்டுக்குள் நுழைந்தால் வெளியே வரவே மனம் வராது. 1964இல் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் அழைப்பு இலங்கையிலிருந்த கிளார்க்கை எட்டுகிறது. ஏப்ரல் 22ஆம் திகதி நியூயோர்க்கில் இருவரும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். ஆரம்பப் பிரதிகளில் அந்த இயந்திரத்தின் பெயர் சோக்ரட்டீஸ். பிறகு அதீனா என்ற பெண்குரல். கடைசியில்தான் ஹால். ஆலோசனைக்கு வந்தவர்களைப் பாருங்கள். ஒருவர் ஐ. ஜே. குட். போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் அலன் டூரிங்கோடு இரகசியக் குறிகளை உடைத்தவர், மனிதரை மிஞ்சும் அறிவுள்ள இயந்திரம் பற்றி 1965இலேயே கட்டுரை எழுதியவர். இன்னொருவர் மார்வின் மின்ஸ்கி, செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். படப்பிடிப்புத் தளத்தில் மேலேயிருந்து விழுந்த ஒரு ஸ்பானர் மின்ஸ்கியை மயிரிழையில் தவறவிட்டது! அது விழுந்த இடம் சற்று மாறியிருந்தால் கணினி இயலின் வரலாறே மாறியிருக்கும்.

ஆனாலும் எனக்கு மிகப் பிடித்த செய்தி பாட்டுத்தான். 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 என்ற கணினியை ஒரு பழைய காதல் பாட்டைப் பாட வைத்தார்கள். குரலை ஜோன் கெல்லியும் கரோல் லொக்பாமும் நிரல்படுத்தினார்கள், பக்கவாத்தியம் மக்ஸ் மத்தியூஸ். அடுத்த ஆண்டு கிளார்க் தன் நண்பர் ஜோன் பியர்ஸைப் பார்க்க அந்த ஆய்வகத்துக்குப் போனார். இயந்திரம் பாடுவதைக் கேட்டார். ஒரு நிருபரின் காதுக்குத்தான் அது அகப்படும். கேட்டதை அப்படியே மனதில் போட்டு வைத்தார். 1968இல் படம் வெளிவந்தபோது, ஹாலின் நினைவுப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கும் காட்சியில், அறிவு மங்கிக்கொண்டே அது பாடுவது அதே பாட்டு. உலகமே உறைந்துபோன அந்தக் காட்சி ஓர் ஆய்வகச் சுற்றுலாவில் எடுத்த குறிப்பு!

ஹால் ஏன் கொன்றது? படம் அதைச் சொல்லாமல் விடுகிறது. கிளார்க்கின் நாவலில் விடை தெளிவாக இருக்கிறது. பயணத்தின் உண்மையான நோக்கத்தைக் கப்பலில் விழித்திருக்கும் இருவரிடமும் மறை என்று பூமியில் இருந்தவர்கள் அதற்குக் கட்டளை இட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்லவென்றே படைக்கப்பட்ட அறிவு அந்த மறைப்பின் பாரம் தாங்காமல் முறிந்தது. சிவப்புக் கண்ணைப் பார்த்துப் பயந்த நாம், அந்தக் கட்டளையில் கையொப்பமிட்டவரின் பெயரைக் கேட்கவே இல்லை. அந்தப் பெயரைத் தேடுகிறவர்தான் என் நாவலின் நாயகி.

ஒரு திகதியையும் சொல்லிவிடுகிறேன். 1947 ஜூலை மாதத்தில், கிங்ஸ் கல்லூரி மாணவரான கிளார்க் கோடை விடுமுறையில் இருபது நாள்களில் ஒரு நாவலை எழுதினார். அதே ஜூலை 19ஆம் திகதி கொழும்பில் சுவாமி விபுலானந்தர் மறைந்தார். காரைதீவில் பிறந்தவர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவர். பழந்தமிழ் யாழின் நரம்புகளைக் கணிதத்தால் மீட்டெடுத்த அவருடைய 'யாழ் நூல்' அரங்கேறி ஒன்றரை மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மட்டக்களப்பு வாவியின் நீருக்கடியிலிருந்து எழும் இசையையும் அந்நூலில் நீரரமகளிராகப் பாடியிருக்கிறார். ஓசையை எண்ணாக்கிப் பார்த்த எங்கள் ஊர்க்காரர் அவர். என் இயந்திரம் செய்யும் வேலையும் அதுதான்.

இரண்டாவது படம் ஒரு குட்டி நாய். ஜீனோ! தமிழில் செயற்கை நுண்ணறிவுத் திரில்லர் என்று சொன்னால் சுஜாதாவைத் தாண்டி யாராலும் நடக்க முடியாது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியியலாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கிய பங்கு, ஜூனியர் விகடனில் 'ஏன் எதற்கு எப்படி' கேள்வி பதில். அவருடைய முதல் நாவல் 'நைலான் கயிறு' குமுதத்தில் வந்தது 1968இல், ஹால் திரைக்கு வந்த அதே ஆண்டு. அது ஒரு கொலைக்கதை என்பது எனக்கு எவ்வளவு தெம்பு தருகிறது! எண்பதுகளில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா'. பிள்ளை பெற அரசிடம் அனுமதி வாங்கும் நிலா, எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், எங்கும் ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. ஜீவா என்றொரு மனிதரே இல்லை, அது ஒளியால் ஆன உருவம், பின்னால் இருந்து ஆட்டுகிறவர்கள் வேறு என்று தெரியவரும் இடத்தை முதன்முதல் வாசித்த பருவத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்தில் நடந்திருக்கிறேன். இயந்திர நாய் அன்பு மிக்கதாகவும், இயந்திரத்தின் மறைவில் நிற்கும் மனிதர்கள் கொடியவர்களாகவும் இருந்தார்கள். மறைவில் நிற்பவரைக் காட்டு என்று சுஜாதா அன்றே சொல்லித் தந்துவிட்டார்.

2008 பெப்ரவரி 27 அன்று சுஜாதா சென்னையில் மறைந்தார். மார்ச் 19 அன்று கிளார்க் கொழும்பில். மூன்று வாரத்துக்குள் இருவரும்.

மூன்றாவது படம் நம் நாட்டு இளைஞர் ஒருவரின் புத்தக அட்டை. யுதஞ்சய விஜேரத்ன வலைப்பதிவு எழுதி, தொழில்நுட்பச் செய்தி எழுதி, லேர்ன்ஏசியா நிறுவனத்தில் தரவு ஆய்வாளராக இருந்தவர். 2017இல் வந்த முதல் நாவல் 'நம்பர்காஸ்ட்', ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு மதிப்பெண் போடும் நிறுவனத்தின் கதை. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று எங்கள் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்தது. அரசு சமூக ஊடகங்களை முடக்கியும் வதந்தி ஓயவில்லை. அப்போது எது மெய், எது பொய் என்று பிரித்துக் காட்ட 'வொட்ச்டோக்' என்ற முயற்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 2020இல் 'த சல்வேஜ் குரூ'. அதில் கதை சொல்வதே ஒரு செயற்கை நுண்ணறிவு. அது இடையிடையே கவிதை எழுதும். அந்தக் கவிதைகளுக்கு அவர் ஜிபிடி-2 என்ற மொழி மாதிரியைச் சீனத்துத் தாங் காலக் கவிஞர்களான து ஃபு, லி பாய் ஆகியோரின் மொழிபெயர்ப்புகளில் பழக்கிப் பயன்படுத்தினார். பாத்திரத்தின் குரலுக்கு அந்தப் பாத்திரத்தின் இனத்தையே அழைத்து வந்துவிட்டார்! சட்ஜிபிடி என்ற பெயரை உலகம் கேட்பதற்கு இரண்டு ஆண்டு முன்னால்.

என் இயந்திரத்தின் வரிகளையும் ஓர் இயந்திரத்திடமே எழுத வாங்கலாமா? ஆசை வந்தது, பேசியும் பார்த்தேன். வாவிக்கரைப் பேச்சில் ஒரு கேள்வியைப் போனிடம் கேட்டால், அது எனக்கு மேடைத் தமிழில் மறுமொழி சொல்கிறது. "மனே" (மகனே) என்பதற்கு அது தடுமாறிய அழகைக் கண்டதும் எனக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைத்துவிட்டது. என் நாவலின் இயந்திரம் கச்சேரித் தமிழில் மட்டும் பேசும். படுவான்கரையின் வார்த்தைகள் அதற்குப் பாதி விளங்கும், எழுவான்கரை வலைகாரரின் பேச்சு அதிலும் குறைவு. ஆகவே அதன் வரிகளை நானே கையால் எழுதுகிறேன். ஒரு சுற்றறிக்கையின் மொழியில் நிதானமாக, மரியாதையாக, ஓர் உயிர்ச்சொல்லும் இல்லாமல். பெயர் வைக்காததும் இதனால்தான். ஹாலும் ஜீனோவும் பெயரால் நமக்கு உறவாகிவிட்டார்கள். என் இயந்திரம் அலுவலக மேசைபோல அங்கே இருக்கட்டும். மேசைக்கு யார் பயப்படுவார்கள்? அதனால்தான் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

இப்போது பாடும் மீன். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது, ஏனென்றால் கதையின் இருதயம் இதுதான்.

1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டென்னென்ட் வாவியின் இசையைக் கேட்டு எழுதி வைத்தார். படகின் மரத்தில் காது வைத்தால் ஓசை கூடுவதையும் கவனித்தார். ஊரி என்னும் சிப்பிதான் பாடுகிறது என்று அன்றைய வலைகாரர் அவரிடம் சொன்னார்கள். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியின் ஜேசுசபைக் குரு அருட்தந்தை லாங் அதை ஒலிப்பதிவு செய்தார், இலங்கை வானொலியிலும் அது ஒலித்தது. கல்லடிப் பாலத்தடியில், பூரணை இரவில், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காது வைத்துக் கேட்பது இங்குள்ளவர்களின் வழக்கம். பாடுவது எந்த உயிர் என்பதில் இன்றும் ஒருமித்த விடை இல்லை.

அறிவியல் எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் எண்பதுகளில் படகுவீட்டுக்காரர்கள் இரவெல்லாம் ஓர் இரைச்சலால் தூக்கம் கெட்டார்கள். பம்பு என்றார்கள், மின்கேபிள் என்றார்கள், இராணுவ இரகசியம் என்றார்கள். கடைசியில் அது மிட்ஷிப்மன் என்ற தேரைமீன். ஆண் மீன் தன் காற்றுப்பையை அதிரவைத்துப் பெண் மீனை அழைத்துக்கொண்டிருந்தது. வெப்பக் கடல்களில் சொடுக்கு இறால்கள் தம் கொடுக்கை மூடும் வேகத்தில் நீரில் குமிழி வெடித்து உண்டாகும் படபடப்பு, இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளின் காதையே அடைத்தது. நீருக்கடியில் அமைதி என்று ஒன்று இல்லவே இல்லை.

இந்த ஓசைகளைப் பிரிப்பது இயந்திரத்துக்கு எளிது. ஒலியை முதலில் படமாக்குவார்கள். நேரம் கிடையாக ஓடும், சுருதி மேலே ஏறும், சத்தம் நிறமாகத் தெரியும். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து வலைப்பின்னல் கற்கும். கோர்னல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகமும் உருவாக்கிய பேர்ட்நெட் இப்படித்தான் பறவைக் குரலிலிருந்து பறவையைச் சொல்கிறது. என் கதையின் முதியவர், இறப்பதற்கு முந்திய ஆண்டு, கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கிறார்: வயலை எண்ணத் தெரிந்த மிஷினுக்கு மீனை எண்ணத் தெரியாதா? அவருடைய பிடிவாதத்தால் கல்லடிப் பாலத்தடியிலிருந்து முகத்துவாரம் வரை நீருக்குள் ஒலிவாங்கிகள் இறங்குகின்றன. மீனும் இனிக் கணக்கில் சேரும்.

உடனே இரண்டு கரையிலும் ஒரே கேள்வி எழுகிறது, முதன்முறையாக ஒன்றாக: தண்ணிக்குள்ள வெச்ச காது எங்கட கதையையும் கேக்குமா? மட்டக்களப்பில் இந்தக் கேள்விக்கு விளக்கம் வேண்டியதில்லை. சோதனைச் சாவடிகளையும் பெயர்ப் பட்டியல்களையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. எத்தனையோ வீடுகளில் காணாமற்போன பிள்ளையின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. தோணியில் போகிறவர்கள் பேசுவதை யாரோ எங்கோ கேட்கலாம் என்ற எண்ணமே மூச்சை அடைக்கும். ஆகவே மக்கள் போராடுகிறார்கள், வெல்கிறார்கள். இயந்திரத்துக்கு இரண்டாவது கட்டளை இடப்படுகிறது: மனிதக் குரலைக் கேட்டால் அக்கணமே அழி. நியாயமான, அவசியமான கட்டளை. நான் அந்த ஊர்வலத்தில் நின்றிருந்தால் முதல் வரிசையில் நின்றிருப்பேன்.

கொலை நடந்த இரவில் முகத்துவாரத்து ஒலிவாங்கி விழித்திருந்தது. இறாலின் சொடுக்கு இருக்கிறது, நீரின் இழுப்பு இருக்கிறது, நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. முதியவர் கடைசியாகச் சொன்னதை இயந்திரம் கேட்டது, கட்டளைப்படி அழித்தது. நாயகி அந்த வெற்றிடத்தின் நீளத்தை வைத்துக்கொண்டு தேடத் தொடங்குகிறாள். எப்படி என்கிறீர்களா? அந்தக் கொப்பி இருக்கிறதே! அதற்கு மேல் சொன்னால் பதிப்பாளர் என்னை மன்னிக்க மாட்டார்.

கதை இங்கே வந்து நின்ற இரவு நான் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன். மக்களைக் காக்கும் விதியே கொலைக்குத் திரையாகிறது. விதியை எடுத்துவிடு என்று சொல்ல எனக்கு மனமில்லை, நாயகிக்கும் மனமில்லை. கட்டளையைக் கொலைகாரன் முன்கூட்டியே கணக்கில் வைத்திருந்தான் என்பதைத்தான் அவள் நிரூபிக்க வேண்டும். முதல் கட்டளை கச்சேரியில் எழுதப்பட்டது, இரண்டாவதைத் தெருவில் நின்று நாமே எழுதினோம். இரண்டையும் ஒரே ஆள் வாசித்தான்.

துரத்தும் காட்சிக்காகப் பாலத்தடிக்குப் போய், வாவியிலேயே நரைத்த ஒரு பெரியவரைப் பிடித்தேன். இரவில் இரண்டு எஞ்சின் தோணிகள் ஒன்றையொன்று துரத்தினால் எப்படி ஓடும் என்று கேட்டேன். அவருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "இஞ்சினப் போட்டு ஓடேலா மனே. கம்பு நட்டு வலை கட்டியிருப்பானுகள், ஒரு கம்பில பட்டாச் சரி. விளங்கினவன் இஞ்சின நிப்பாட்டிப் போட்டுக் கம்பால ஊண்டித்தான் போவான். சத்தமே வராது." சத்தமே வராத துரத்தல்! காதால் மட்டுமே உலகை அறியும் இயந்திரத்துக்கு முன்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோணிகள் ஊன்றி ஊன்றி நகர்கின்றன. நான் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் இன்னும் சொல்லிக்கொண்டே போனார். நிலவு எந்தப் பக்கம் நின்றால் நிழல் எங்கே விழும், நீர் இழுக்கும்போது கம்பு எந்தக் கோணத்தில் இறங்க வேண்டும், பயந்தவன் ஊன்றுவதற்கும் பழகியவன் ஊன்றுவதற்கும் நீரில் என்ன வித்தியாசம் கேட்கும். அவ்வளவும் நாவலில் இருக்கிறது.

இன்னும் எழுத வேண்டியவை இருக்கின்றன. 1978 நவம்பர் 23 சூறாவளியின் இரவு நாயகியின் தாத்தா வாயால் வரவேண்டும். 2011 ஜனவரி வெள்ளம் இயந்திரத்தைப் பழக்கிய தரவுகளில் ஒன்றாக வருகிறது. அந்த வெள்ளத்தில் எந்த வட்டை எத்தனை நாள் தாழ்ந்து கிடந்தது, எந்தத் துறையில் வலை எத்தனை நாள் காய்ந்து கிடந்தது என்று குறித்து வைத்த கொப்பி, கலண்டர், கடைக்கணக்கு எதுவானாலும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். கொண்டுபோக மாட்டேன், உங்கள் திண்ணையிலேயே இருந்து எழுதிக்கொள்கிறேன். லாங் அடிகளாரின் பதிவை வானொலியில் கேட்ட காது யாருக்காவது இருந்தால், அந்த ஓசையை எனக்கு வாயால் செய்து காட்டினாலும் போதும். முகத்துவாரம் அடுத்த முறை வெட்டப்படும் இரவில் நான் அங்கே நிற்பேன். திறந்த முதல் மணித்தியாலத்தில் நீர் ஒரு மனித உடலை எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்பதை ஒரு வாழைக்குற்றியைப் போட்டு அளந்தாக வேண்டும். கொலையாளியின் பொய் அந்தத் தூரத்தில்தான் உடைகிறது.